மீண்டும் வருவதும் மீண்டு வருவதும்

தூக்கம் என்னைக் கைவிட்டிருந்த ஒரு வருடத்தில்தான் ஃபிகர் ஸ்கேட்டிங் எனக்கு அறிமுகமானது. இரவு இரண்டு மணிக்கு மேல் போனில் எதையாவது பார்த்துக்கொண்டே கிடந்தால் மண்டைக்குள் ஓடுகிற பேச்சு கொஞ்சம் அடங்கும் என்று கண்டுபிடித்திருந்தேன். சமையல் வீடியோ, ரயில் வீடியோ எல்லாம் தீர்ந்துபோன ஒரு ராத்திரி யூடியூப் தானாகவே ஒரு பனித்தளத்தைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தியது. வசனம் இல்லை, கூச்சல் இல்லை, ஒருவர் தனியாக நாலு நிமிடம் சுற்றுகிறார், விழுகிறார், எழுகிறார், போய்விடுகிறார். அந்த நேரத்துக்கு எனக்கு அது போதுமாக இருந்தது. (நம் செய்தித்தாள்கள் மலையிலிருந்து சறுக்கி இறங்குவதையும் இதையும் சேர்த்து பனிச்சறுக்கு என்றே எழுதிவிடுகின்றன. அதனால் நான் ஸ்கேட்டிங் என்றே எழுதுகிறேன், மன்னிக்கவும்.)

அப்படிப் பார்த்ததில் ஒரு வீடியோ, 2018 நவம்பர், மாஸ்கோ. கிரேசி கோல்ட் என்ற அமெரிக்கப் பெண். 2014, 2016 இரண்டு வருடங்களிலும் தேசிய சாம்பியன், சோச்சி ஒலிம்பிக்கில் அணிப் பிரிவில் வெண்கலம், தனிநபர் பிரிவில் நான்காவது இடம். பெயரே கோல்ட், அதற்குப் பொருத்தமான பொன்னிறத் தலைமுடி, ஊடகங்கள் விடுமா? 2017 இலையுதிர் காலத்தில் மனச்சோர்வு, பதற்றம், உண்ணுதல் கோளாறு மூன்றுக்கும் சிகிச்சை எடுக்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு விலகினார், 2018 ஒலிம்பிக்கையும் விட்டார். மாஸ்கோவில்தான் திரும்ப வந்தார். குறுநிரலில் (முதலில் ஆடும் குறுகிய ஆட்டம்) 40 புள்ளிகூட வரவில்லை, பத்துப் பேரில் கடைசி. மறுநாள் நெடுநிரலுக்கு (அடுத்து வரும் நீளமான ஆட்டம்) வராமல் விலகிக்கொண்டார்.

அந்த வீடியோவை நான் ஏழெட்டு முறை பார்த்திருப்பேன். நல்ல நோக்கத்தில் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். விழுந்த ஒருவரைப் பார்க்கிற குரூரமான ஆறுதல் கொஞ்சம் இருந்தது. கீழே கருத்துகளில் எல்லோரும் கம்பேக், கம்பேக் என்று எழுதியிருந்தார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. மீண்டும் வருவது என்றும் சொல்லலாம், மீண்டு வருவது என்றும் சொல்லலாம். நடுவில் ஒரு 'ம்' தான். ஆனால் மாஸ்கோவில் நடந்தது முதலாவது மட்டும். அவர் மீண்டும் வந்திருந்தார், இன்னும் மீண்டு வந்திருக்கவில்லை. நம்மைப் போன்ற பார்வையாளர்களுக்கு இந்த 'ம்' கண்ணில் படுவதே இல்லை. ஆள் களத்தில் தெரிந்தால் சரி, குணமாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இந்த விளையாட்டு மனதை என்ன செய்கிறது என்று புரிய அதன் விதிகளுக்குள் கொஞ்சம் போக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். போட்டிக்கு முன் ஆறு நிமிடம் பயிற்சி உண்டு. ஒரு குழுவுக்கு அதிகபட்சம் ஆறு பேர், எல்லோரும் ஒரே தளத்தில் ஒரே சமயத்தில். யாரோடு போட்டியோ அவர் பக்கத்திலேயே பிரமாதமாகத் தாவி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நாம் நம் தாவலைப் பழக வேண்டும். பயிற்சி முடிந்ததும் முதலாவதாக ஆடுபவர் அப்படியே தளத்தில் நின்றுவிடுவார். ஆறாவதாக ஆடுபவருக்கு இன்னும் முக்கால் மணி நேரம் காத்திருப்பு. காலணியைக் கழற்றிவிட்டு, நடைவழியில் முன்னும் பின்னும் நடந்துகொண்டு, வெளியே கைதட்டல் கேட்டால் ஆடிக்கொண்டிருப்பவர் நன்றாக ஆடிவிட்டார் என்றும், கூட்டம் ஒரே குரலில் 'ஓ' என்றால் விழுந்துவிட்டார் என்றும் கணக்குப் போட்டுக்கொண்டு. அப்புறம் பெயரைக் கூப்பிட்டதும் முப்பது விநாடிக்குள் நடுவில் போய் நிற்க வேண்டும். குறுநிரல் 2 நிமிடம் 40 விநாடி. ஒரு தாவல் காற்றில் இருப்பது ஒரு விநாடிகூட இல்லை, ஏறக்குறைய 0.7 விநாடி. அதற்குள் மூன்று சுற்று, நான்கு சுற்று. இவ்வளவும் நாலு மில்லிமீட்டர் அகல இரும்புத் தகட்டின் மேல்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த, அல்லது மிகவும் பயமாக இருக்கிற கணக்கு ஒன்று உண்டு. நெடுநிரலை எடுத்துக்கொள்வோம். மூன்று சுற்று லுட்ஸ் என்ற தாவலுக்கு அடிப்படை மதிப்பு 5.90. முழுதாகச் சுற்றி முடித்து, தரையில் தொப்பென்று விழுந்தால், தரத்துக்காகப் பாதியைப் பிடித்துக்கொண்டு, விழுந்ததற்காக இன்னொரு புள்ளியையும் கழித்தாலும் 1.95 கையில் நிற்கும். ஆனால் எகிறும் கணத்தில் ஒரு சின்னச் சந்தேகம் வந்து, காற்றில் கையை விரித்துவிட்டு ஒரே சுற்றோடு பத்திரமாக இறங்கினால்? 0.60. இதை அவர்கள் 'பாப்' ஆகிவிட்டது என்பார்கள். விழுவதை விடத் தயங்குவதற்குத்தான் விலை அதிகம். மனச்சோர்வு வந்த எவரையும் கேட்டுப்பாருங்கள், அது முதலில் எடுத்துக்கொண்டு போவது எதையும் முழுசாகத் தொடங்குகிற அந்தத் துணிவைத்தான். எழுந்து பல் துலக்குவதிலேயே 'பாப்' ஆகிக்கொண்டிருக்கும் ஒரு ஆளுக்கு மூன்று சுற்று லுட்ஸ் எப்படி வரும்?

ஆடி முடித்ததும் விடுகிறார்களா என்றால் அதுவும் இல்லை. வியர்வையும் மூச்சிரைப்புமாக ஒரு சோபாவில் உட்காரவைத்து, கேமராவை முகத்துக்கு நேரே வைத்து, மதிப்பெண் வரும்போது அழுகிறாரா சிரிக்கிறாரா என்று உலகத்துக்குக் காட்டுவார்கள். அந்த இடத்துக்குப் பெயரே 'கிஸ் அண்ட் க்ரை', முத்தமும் அழுகையும். விளையாட்டாக வைத்த பெயர் அதிகாரப்பூர்வமாகவே ஆகிவிட்டது.

அடுத்தது உடம்பு. மெலிந்த உடல் வேகமாகச் சுற்றும், இது இயற்பியல், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் பதினாலு பதினைந்து வயதில் ஒரு பெண்ணின் உடல் வளரத் தொடங்கும், இடுப்பு அகலும், எடை நடுவம் மாறும், நேற்று வரை வந்த தாவல் இன்று வராது. அவளுக்கு அது தன் தவறாகத் தெரியும். சோச்சியில் சிவப்பு உடையில் சுழன்ற ரஷ்யாவின் யூலியா லிப்னிட்ஸ்கயாவுக்கு அணித் தங்கம் கிடைத்தபோது வயது 15. மூன்றே வருடத்தில், 2017-ல், உணவைத் தவிர்க்கும் அனோரெக்ஸியா நோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டு ஓய்வை அறிவித்துவிட்டார். பெண்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க ஸ்கேட்டர் ஆடம் ரிப்பன் ஒரு காலத்தில் நாளைக்கு மூன்று ரொட்டித் துண்டும் காபியுமாக ஓட்டியதை 2018-ல் அவரே சொன்னார். கோல்டும் அப்படித்தான். 2016-ல் ஒரு போட்டி முடிந்த கையோடு, பருமனான ஸ்கேட்டர்களை நீங்கள் அதிகம் பார்க்காததற்குக் காரணம் இருக்கிறது, இப்போது என் உடல் இந்த விளையாட்டுக்கு ஏற்றதாக இல்லை என்ற பொருளில் செய்தியாளர்களிடமே பேசினார். அந்தப் பேட்டியை இப்போது படித்தால், ஏன் அன்றைக்கே யாரும் பதறவில்லை என்று தோன்றும்.

2022 பெய்ஜிங் ஒலிம்பிக் பற்றி நீளமாக எழுத மனம் வரவில்லை. ரஷ்யாவின் கமிலா வலியேவாவுக்கு 15 வயது, ஊக்கமருந்து விவகாரம் வெடித்து உலகமே அவரைப் பார்த்துக்கொண்டிருக்க, நெடுநிரலில் மறுபடி மறுபடி விழுந்து நான்காவதாக முடித்தார். வெளியே வந்ததும் பயிற்சியாளர் கேட்டது, ஏன் போராடுவதை விட்டாய் என்று. அதே வருடம் ஜூனில் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் மூத்தோர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதை 15-லிருந்து படிப்படியாக 17 ஆக்க 100-க்கு 16 என்ற கணக்கில் வாக்களித்தது. நல்லதுதான். ஆனாலும் 17 வயதில் தொடங்க வேண்டுமானால் ஐந்து வயதிலிருந்தே தயாராக வேண்டுமே, அந்தப் பன்னிரண்டு வருடத்தை எந்த விதி பார்த்துக்கொள்ளும் என்ற கேள்வி எனக்கு அப்படியே இருக்கிறது.

இப்போது அகிகோ சுசுகி. இந்தக் கட்டுரையை எழுத ஆரம்பித்ததே இவருக்காகத்தான். ஜப்பான், 1985-ல் பிறந்தவர். 2003-ல் பல்கலைக்கழகத்துக்காக வீட்டை விட்டு செண்டாய் போனார். புதிய ஊர், புதிய பயிற்சியாளர், இன்னும் கொஞ்சம் மெலிந்தால் இன்னும் நன்றாகத் தாவலாமே என்ற எண்ணம். சில மாதங்களில் 48 கிலோவிலிருந்து 32 கிலோ. அந்தப் பருவம் முழுக்கப் போட்டியே இல்லை. பனித்தளத்தில் நிற்கவே தெம்பில்லாத ஒரு 18 வயதுப் பெண். வீட்டுக்குத் திரும்பியபோது, சாப்பிடு சாப்பிடு என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மா ஒரு கட்டத்தில், சரி, உன்னால் எது சாப்பிட முடிகிறதோ அதிலிருந்து தொடங்கலாம் என்று இறங்கி வந்தாராம். சுசுகி இதைப் பேட்டிகளில் சொல்லும்போதெல்லாம் திருப்பம் அங்கேதான் வருகிறது. எந்தப் பயிற்சியாளரின் வீர உரையிலும் இல்லை, ஒரு அம்மா தோல்வியை ஒப்புக்கொண்டதில்.

அப்புறம் நடந்ததன் வேகத்தைப் பாருங்கள், ஏனென்றால் வேகமே இல்லை. அடுத்த பருவத்தில் போட்டிக்குத் திரும்பினார், யாரும் கவனிக்கவில்லை. 2007-ல் உலகப் பல்கலைக்கழக விளையாட்டில் தங்கம், அப்போதும் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 2009 இறுதியில் ஜப்பான் தேசியப் போட்டியில் யுகாரி நகானோவை 0.17 புள்ளியில் முந்தி வான்கூவர் ஒலிம்பிக் இடத்தைப் பிடித்தார். 0.17! அங்கே எட்டாவது. 2012 உலகப் போட்டியில் வெண்கலம், அப்போது அவருக்கு 27 வயது நிறைந்த அதே வாரம். 2013 டிசம்பரில், 28 வயதில், முதல் முறையாக ஜப்பான் தேசிய சாம்பியன். 32 கிலோவிலிருந்து அந்த மேடைக்குப் பத்து வருடம். பதினைந்து வயதுப் பிள்ளைகள் ஆண்டுகொண்டிருந்த விளையாட்டில் 28 வயதில் ஒருவர் முதல் தேசியப் பட்டத்தை வாங்குவது எத்தனை அபூர்வம் என்பது இதைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். மீண்டு வந்தார், அது முடிவதற்கு முன்பே மீண்டும் வந்தார், இரண்டும் ஒரே பாதையில் வெவ்வேறு வேகத்தில் நடந்துகொண்டிருந்தன என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரே ராத்திரியில் நடக்கிற எழுச்சிகள் வேறு வகை. மாவோ அசாதா சோச்சியில் குறுநிரலில் 16-வது இடத்துக்குச் சரிந்து, முக்கியமான நேரத்தில் எப்போதும் விழுகிற பெண் என்று ஜப்பானின் முன்னாள் பிரதமர் ஒருவரிடம் பேச்சும் வாங்கிக்கொண்டு, மறுநாள் 142.71 எடுத்தார், அதுவரையிலான தன் சிறந்த மதிப்பெண். அமெரிக்காவின் நேதன் சென் 2018 ஒலிம்பிக்கில் குறுநிரலில் 17-வது, நெடுநிரலில் ஆறு நான்கு-சுற்றுத் தாவல்களோடு முதலாவது. பார்க்கப் புல்லரிக்கும், எனக்கும்தான். ஆனால் இதையும் மனநோயிலிருந்து எழுவதையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறவர்களிடம் எனக்குக் கோபம் வரும். 'பார், ஒரே நாளில் எழுந்துவிட்டார், நீயும் மனசு வைத்தால் முடியும்' என்று எனக்கே ஒருவர் அனுப்பியிருக்கிறார். இதற்கு மனசு வைத்தால் போதாது ஐயா, மனசுதான் நோயாளி.

அலிசா லியூ கதை இன்னும் விசித்திரம். 2019-ல் 13 வயதில் அமெரிக்க தேசிய சாம்பியன், அந்தப் பட்டத்தை வென்றவர்களிலேயே மிக இளையவர். அத்தனை குட்டியாக இருந்ததால் வெற்றி மேடையின் உச்சியில் ஏற இரண்டாவதும் மூன்றாவதுமாக வந்த அக்காக்கள் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. மூன்றரைச் சுற்று ஆக்ஸல் தாவல் அந்த வயதிலேயே கையில், நான்கு சுற்று லுட்ஸ் 14 வயதில். மறு வருடமும் பட்டம், அப்புறம் 2022 ஒலிம்பிக், அடுத்த மாதமே உலகப் போட்டியில் வெண்கலம். ஏப்ரலில் ஒரு இன்ஸ்டாகிராம் பதிவு: ஓய்வு பெறுகிறேன். வயது 16. காயம் இல்லை, தோல்வி இல்லை. போதும், அவ்வளவுதான்.

இது இடைவேளை இல்லை, கவனியுங்கள். திரும்பி வரும் தேதியைப் பையில் மறைத்து வைத்துக்கொண்டு எடுத்த ஓய்வு இல்லை. நிஜமாகவே போய்விட்டார். எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்தார், கலிஃபோர்னியாவில் உளவியல் படிக்கச் சேர்ந்தார், ஸ்கேட்டிங் காலணியைத் தொடவே இல்லை. 2024 தொடக்கத்தில் பனிச்சறுக்கு போனார் (இங்கே அந்தச் சொல் சரியாகப் பொருந்துகிறது). சரிவில் இறங்கும்போது கிடைத்த அந்த விறுவிறுப்பு எங்கேயோ பழகினதாக இருக்கிறதே என்று தோன்றி, ஒருநாள் சும்மா தளத்துக்குப் போனார். பழைய பயிற்சியாளர் ஃபிலிப் டிகுக்லியெல்மோவிடம் திரும்பி வர நினைப்பதாகச் சொன்னபோது அவர் வேண்டாம் என்று தடுக்கத்தான் பார்த்தார். இந்த ஒரு விவரத்துக்காகவே அந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது. லியூ தன் நிபந்தனைகளோடு வந்தார். இசையை நான் தேர்ந்தெடுப்பேன், உடை என் விருப்பம், எவ்வளவு பயிற்சி என்பது என் முடிவு, என் தட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது.

2025 மார்ச், பாஸ்டன். மூன்றரைச் சுற்று ஆக்ஸலும் இல்லை, நான்கு சுற்றுத் தாவலும் இல்லை, சின்ன வயதில் இருந்த ஆயுதங்களில் பாதி இல்லை. 222.97 புள்ளிகளோடு உலக சாம்பியன், தொடர்ந்து மூன்று முறை வென்றிருந்த கவோரி சகமோட்டோ இரண்டாவது. 2006-க்குப் பிறகு ஒரு அமெரிக்கப் பெண் அந்தப் பட்டத்தை வாங்குவது அதுதான் முதல் முறை. நடுவில் ஒரு இடத்தில் அவர் சிரிக்கிறார், அது நடுவர்களுக்காகச் செய்கிற சிரிப்பு இல்லை. பக்கத்து வீட்டில் நல்ல பாட்டு ஓடும்போது நமக்குத் தெரியாமலே வருமே, அந்த மாதிரி.

அதே கட்டடம்தான், 2016 உலகப் போட்டியும் அங்கேதான் நடந்தது. அன்று குறுநிரல் முடிந்தபோது முதலிடத்தில் இருந்தவர் கிரேசி கோல்ட். நெடுநிரலில் சரிந்து நான்காவது. சரிவு அங்கே தொடங்கியது என்று பல பேர் எழுதுகிறார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கியது, அங்கே வெளியே தெரிந்தது, அவ்வளவே என்று நினைக்கிறேன். இன்னொரு அமெரிக்கப் பெண், ஆம்பர் கிளென்னையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2014-ல் இளையோர் தேசிய சாம்பியன், பதின்பருவத்திலேயே மனச்சோர்வுக்காக ஒரு பருவம் விலகினார், 24 வயதில் முதல் தேசியப் பட்டம், 2024 டிசம்பரில் கிராண்ட் பிரீ என்ற சர்வதேசத் தொடரின் இறுதிப் போட்டியில் தங்கம். இவர் கதை லியூவைப் போலப் பளிச்சென்று இல்லை. ஒரு போட்டி நன்றாகப் போகும், அடுத்ததில் ஒரு தாவல் 'பாப்' ஆகும், அப்புறம் மறுபடி நன்றாக. எனக்கு என்னவோ இதுதான் நிஜத்துக்குப் பக்கத்தில் இருப்பதாகப் படுகிறது.

என் கதை சின்னது. அந்த வருடம் வேலையை விட்டிருந்தேன். பார்க்கிறவர்கள் எல்லோரும் அன்பாகத்தான் கேட்டார்கள், எப்போது திரும்பச் சேரப்போகிறாய் என்று. எட்டு மாதம் கழித்து, கேள்வி தாங்காமல் ஒரு இடத்தில் சேர்ந்து, மூன்றாவது வாரம் கழிப்பறையில் உட்கார்ந்துகொண்டு வெளியே வர முடியாமல் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, அன்றே விலகினேன். எனக்கும் ஒரு மாஸ்கோ இருக்கிறது. அதற்கப்புறம்தான் மருத்துவர் சொன்னதை ஒழுங்காகக் கேட்டேன், மாத்திரையைப் பாதியில் நிறுத்தாமல் முடித்தேன், தேதி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

கோல்டுக்கு மாஸ்கோவுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதை வெகுநாள் நான் தேடவே இல்லை, பயம். 2020 ஜனவரி, கிரீன்ஸ்போரோ, அமெரிக்க தேசியப் போட்டி. இரண்டு முறை சாம்பியனாக இருந்தவர், யாரென்றே தெரியாத சின்னப் பிள்ளைகளோடு தகுதிச் சுற்றுகளில் ஆடித்தான் அங்கே வரமுடிந்தது. நெடுநிரல் முடிகிறது, அரங்கம் முழுக்க எழுந்து நிற்கிறது, அவர் அழுகிறார்.

அந்த வீடியோவைத்தான் போன வாரம் நண்பன் ஒருவனுக்கு அனுப்பினேன், அவனுக்கு இந்த விளையாட்டில் அரிச்சுவடிகூடத் தெரியாது. பார்த்துவிட்டு, தங்கமா என்று கேட்டான்.

பன்னிரண்டாவது இடம் என்றேன்.

அப்புறம் எதுக்குடா எல்லாரும் எழுந்து நிக்கிறாங்க என்றான். நீளமாக ஒரு பதில் தட்டச்சு செய்தேன். அழித்துவிட்டு மாஸ்கோ வீடியோவின் இணைப்பை அனுப்பினேன், இதை முதலில் பார் என்று.